ஆறு மாச விசாவும் முப்பத்தைந்து வருஷ முகாமும்

திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்களுக்கு வெளிநாட்டுக்காரர்கள் ஒன்றும் அதிசயமில்லை. கலசப்பாக்கத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பெரிய கோபுரம் கண்ணில் பட்டுவிடும். அங்கிருந்து செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் போனால், சீசனில் எதிரே வருகிறவர்களில் பாதிப்பேர் வெள்ளைக்காரர்கள்தான். நவம்பரில் வர ஆரம்பிப்பார்கள், தீபம் பார்ப்பார்கள், பிப்ரவரி வரை இருப்பார்கள், வெயில் ஏற ஏறக் காணாமல் போவார்கள். சிலர் மட்டும் வருஷா வருஷம் அதே வீட்டுக்கே திரும்பி வருவார்கள். வாடகை வீடு, பழைய மொபெட் ஒன்று, காய்கறிக்காரம்மாவிடம் "எவ்ளோம்மா?" என்று பேரம் பேசுகிற அளவுக்குத் தமிழ்... பத்துப் பதினைந்து வருஷமாக இப்படி வந்து போகிறவர்கள் உண்டு.

ரொம்ப நாளாக எனக்கு ஒரு சந்தேகம். நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போக வேண்டும் என்றால் ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்கிய கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. பத்து லட்சத்துக்கு மேல். அதற்கு மேல் இன்ஷூரன்ஸ், சான்றிதழ் சரிபார்ப்பு, இன்டர்வியூ தேதிக்குத் தவம். அப்படி இருக்க, இவர்கள் எப்படி இங்கே இவ்வளவு சாவகாசமாக வந்து போகிறார்கள்? எந்த விசா? எத்தனை நாள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன். விஷயம் வெள்ளைக்காரரில் ஆரம்பித்து வேறு எங்கோ போய் நின்றது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெள்ளைக்காரர் கதையை முடித்துவிடுவோம்.

இந்தியாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்போது எடுப்பது இ-டூரிஸ்ட் விசா. 2014 நவம்பரில் 43 நாட்டுக்காரர்களுக்கு என்று ஆரம்பித்தது, இன்று நூற்றறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்து போட்டோவும் பாஸ்போர்ட் நகலும் ஏற்றி, பணம் கட்டினால் மெயிலில் வந்துவிடும். 30 நாள், 1 வருஷம், 5 வருஷம் என்று மூன்று வகை. 5 வருஷம் என்றால் 5 வருஷமும் இங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. ஒரு காலண்டர் வருஷத்தில் மொத்தம் 180 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. எதற்காக வரலாம் என்ற பட்டியலில் ஊர் சுற்றிப் பார்ப்பது, நண்பர்கள் உறவினர்களைப் பார்ப்பது, குறுகிய கால யோகா வகுப்பு எல்லாம் இருக்கிறது. 'மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க' என்று ஒரு கட்டம் பாரத்தில் கிடையாது. ஆகவே சும்மா இருக்க வந்தவர்களும் சட்டப்படி டூரிஸ்டுகள்தான்.

இதைத் தாண்டி நிரந்தரமாகத் தங்க வேண்டும் என்றால் என்ன வழி? இருக்கிற வாசல்களை எண்ணிப் பார்த்தேன்.

இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டால் என்ட்ரி விசா உண்டு. இரண்டு வருஷம் கழித்து ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தாத்தாவோ, கொள்ளுத்தாத்தாவோ இந்தியராக இருந்தாலும் ஓசிஐ உண்டு, ஆயுள் முழுக்க விசா இல்லாமல் வந்து போகலாம், தங்கலாம். ஆரோவில் போல ஒன்றிரண்டு இடங்களுக்குத் தனி ஏற்பாடு. அப்புறம் பணக்காரர் வாசல். 2016 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒரு வெளிநாட்டுக்காரர் 18 மாதத்துக்குள் 10 கோடி ரூபாயோ, 36 மாதத்துக்குள் 25 கோடியோ முதலீடு செய்து, வருஷத்துக்கு 20 இந்தியருக்காவது வேலை கொடுத்தால் பத்து வருஷம் தங்கும் உரிமை, பிறகு இன்னொரு பத்து வருஷம். ஒரு வீடும் வாங்கிக்கொள்ளலாம்.

கல்யாணம், ரத்தம், பணம். வாசல்கள் இவ்வளவுதான். 'நான் இந்த ஊரில் இருபது வருஷமாக வாழ்கிறேன்' என்பதற்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. திருவண்ணாமலையிலேயே கட்டையைப் போட வேண்டும் என்று நினைக்கிற எழுபது வயது ஸ்விஸ் பாட்டிக்கும் வருஷத்தில் பாதி நாள்தான்.

2009 டிசம்பரில் இவர்களுக்கு ஒரு பெரிய இடி விழுந்தது. மும்பைத் தாக்குதலுக்கு வேவு பார்த்த ஹெட்லி பல தடவை விசாவில் வந்து போயிருக்கிறான் என்று தெரிந்ததும், டூரிஸ்ட் விசாவில் வந்தவர் ஒரு தடவை வெளியே போனால் இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்ப வரலாம் என்று விதி போட்டார்கள். மூன்று வருஷம் கழித்து 2012ல் பெரும்பாலான நாட்டவருக்கு அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்தது 'விசா ரன்'. கெடு முடிகிற வாரத்தில் சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம். ஒன்றரை மணி நேரம். நாலு நாள் கடற்கரையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பினால் பாஸ்போர்ட்டில் புது முத்திரை, கணக்கு முதலிலிருந்து. இப்போது காலண்டர் வருஷக் கணக்கு வந்துவிட்டதால் இ-விசாக்காரர்களுக்கு இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது.

கொழும்புக்குப் போய் வந்து தங்கும் நாளைப் புதுப்பித்துக்கொண்டார்கள் என்று படித்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது.

ஏனென்றால் அதே கிரிவலப் பாதையில் இன்னொரு வகை வெளிநாட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் ஃபாரினர் என்று கூப்பிடுவதில்லை. அடிஅண்ணாமலையில் இருக்கிறது இலங்கைத் தமிழர் முகாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் சுற்றுகிற மலையடிவாரம்தான். பேச்சில் சின்ன வித்தியாசம் தெரியும், அதுவும் பெரியவர்களிடம் மட்டும். பிள்ளைகள் நம்மைப் போலவே 'இன்னாடா' போட்டுத்தான் பேசுகிறார்கள். இங்கே பிறந்தவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்?

சட்டத்தின் கண்ணில் இந்தப் பிள்ளைகளும் ஸ்விஸ் பாட்டியும் ஒரே வகை. இருவரும் வெளிநாட்டவர். வித்தியாசம் என்னவென்றால், பாட்டி சட்டப்படி வந்தவர். இந்தப் பிள்ளைகளின் குடும்பம் குடியுரிமைச் சட்டத்தின் வார்த்தையில் 'சட்டவிரோதக் குடியேறிகள்'.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 2003ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். செல்லத்தக்க பாஸ்போர்ட் அல்லது பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவர், அல்லது அனுமதித்த காலம் தாண்டித் தங்கியவர், சட்டவிரோதக் குடியேறி. அவரால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. எத்தனை வருஷம் இருந்தாலும் சரி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1983 ஜூலையில் கொழும்பு எரிகிறது. மன்னாரிலிருந்து ஒரு குடும்பம் இரவில் படகேறுகிறது. பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்று, விசா குத்திக்கொண்டு வந்திருக்க வேண்டுமா? 1983 முதல் 1987 வரை சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர் வந்தார்கள். 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டபோது அடுத்த அலை. 1996லிருந்து இன்னொன்று. 2006லிருந்து கடைசிப் போர் முடியும் வரை இன்னொன்று. மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேல். நிறையப் பேர் திரும்பினார்கள், நிறையப் பேர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். இன்றும் சுமார் 58 ஆயிரம் பேர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களிலும், 30 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் முகாமுக்கு வெளியே போலீசில் பதிந்துகொண்டும் இருக்கிறார்கள்.

இவர்கள் திருட்டுத்தனமாக வந்து ஒளிந்துகொண்டவர்கள் இல்லை என்பதுதான் முக்கியம். கரையிறங்கியதும் அரசாங்கமே விசாரித்தது, அரசாங்கமே பெயர் எழுதியது, அரசாங்கமே லாரியிலும் பஸ்ஸிலும் ஏற்றி ஊர் ஊராக முகாம்களுக்கு அனுப்பியது. அடையாள அட்டை அரசாங்கம் கொடுத்தது. மாதாமாதம் பணக்கொடை அரசாங்கம் கொடுக்கிறது. 2021 ஆகஸ்டில் அதைக் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று உயர்த்தினார்கள். அப்போதே 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றும் மாற்றினார்கள். 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தார்கள், 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதும் அதில் சேர்த்தி. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஒழுகாத கூரை சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரு கையால் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் 'நீ சட்டவிரோதமாக இருக்கிறாய்' என்று எழுதுவது என்ன நியாயம்? வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டுச் சோறு வைத்துவிட்டு, சுவர் ஏறிக் குதித்தவன் என்று கேஸ் எழுதுவது மாதிரி இல்லையா?

மாநில அரசு கட்டிக் கொடுக்கிறது, மத்திய அரசு எழுதுகிறது, இரண்டும் வேறு வேறு கை என்பார்கள். முகாமில் இருப்பவருக்கு இரண்டும் சர்க்கார்தான்.

இனி பிள்ளைகள் விஷயம். இங்கே பிறந்தவர்கள் இந்தியர் இல்லையா என்று என் வகுப்பிலேயே பலர் கேட்டார்கள். நானும் பிறந்தால் போதும் என்றுதான் பலர் நினைப்பதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்கா பற்றி சினிமாவில் பார்த்த ஞானம். இந்தியாவில் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை அப்படித்தான் இருந்தது. இந்த மண்ணில் பிறந்தால் (தூதர்களின் பிள்ளைகள் போன்ற விலக்குகள் தவிர) இந்தியர். 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியர் என்றால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது.

இந்த தேதிகள் ஒரு மனுஷியின் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பதற்கு நிஜ உதாரணமே இருக்கிறது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண், 1986ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். பாஸ்போர்ட் கேட்டார், மறுத்தார்கள். வழக்குப் போட்டார். 2022ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 1987 ஜூலைக்கு முன்னால் இங்கே பிறந்ததால் அவர் பிறப்பால் இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள் என்றது. 2024 ஏப்ரல் 19 அன்று அவர் வாக்குச்சாவடிக்குப் போய் வோட்டும் போட்டார். முகாமிலிருந்து போட்ட முதல் வோட்டு என்று பேப்பரில் எல்லாம் வந்தது. சந்தோஷம். ஆனால் அதே முகாமில், அதே கொட்டகையில், 1988ல் பிறந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அதே கடல், அதே படகு, அதே பள்ளிக்கூடம். அவர் வெளிநாட்டவர். அவருக்கு இங்கே பிறந்த பிள்ளையும் வெளிநாட்டவர். அந்தப் பிள்ளைக்கு நாளைக்குப் பிறக்கப்போவதும்.

மண்டபம் முகாம் என்று சொன்னேன் அல்லவா, அதற்கே ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களைக் கப்பல் ஏற்றுவதற்கு முன்னால் நோய் இருக்கிறதா என்று தடுத்து வைத்துப் பார்த்த இடம் அது. போனவர்கள் யாரிடமும் பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. ஆள் தேவைப்பட்டது, ஏற்றினார்கள். காப்பி, தேயிலை, ரப்பர் எல்லாம் அவர்கள் முதுகில் வளர்ந்தது. 1948ல் சுதந்திரம் வந்ததும் இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம். மீதி ஒன்றரை லட்சத்தை 1974ல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆட்டு மந்தையைக்கூட உரிமைக்காரனைக் கேட்டுத்தான் பிரிப்பார்கள்.

அந்த ஒப்பந்தப்படி இந்தியராக வந்து சேர வேண்டியவர்களில் எல்லோரும் வந்து சேரவில்லை. 1984க்குப் பிறகு கப்பலும் நின்றது. கலவரத்தில் வன்னிக்கு ஓடி, அங்கிருந்து படகில் வந்தவர்களில் மலையகத் தமிழர்கள் கணிசம். இப்போது பாருங்கள் வேடிக்கையை. குடியுரிமைச் சட்டத்தின் 5வது பிரிவு, இந்திய வம்சாவளியினர் இங்கே ஏழு வருஷம் வாழ்ந்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்கிறது. இவர்கள் வம்சாவளியினர்தான், ஏழு என்ன முப்பது வருஷத்துக்கு மேலேயே வாழ்ந்துவிட்டார்கள். ஆனால் அதே பிரிவின் முதல் வரியிலேயே 'சட்டவிரோதக் குடியேறி அல்லாத' என்று ஒரு பூட்டு. 2019 ஜூனில் மதுரைக் கிளையில் மலையக வம்சாவளியினர் 65 பேர் போட்ட வழக்கில், இவர்களை மற்ற சட்டவிரோதக் குடியேறிகள் மாதிரிப் பார்க்கக் கூடாது, விண்ணப்பத்தைப் பரிசீலித்து மத்திய அரசு முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்த வருஷம் டிசம்பரிலேயே குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. யாருக்கு? பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 கடைசிக்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்கு. அவர்களுக்கு அந்தப் பூட்டைத் திறந்தார்கள், காத்திருக்க வேண்டிய காலத்தையும் ஐந்து வருஷமாகக் குறைத்தார்கள். இலங்கை பட்டியலில் இல்லை.

இந்தத் திருத்தத்துக்கான விதிகள் வெளியானது 2024 மார்ச்சில். அதே மார்ச்சில் நம் ஜனாதிபதி மொரீஷியஸ் போயிருந்தார். அங்கே ஏழாவது தலைமுறை இந்திய வம்சாவளியினருக்கும் ஓசிஐ அட்டை கிடைக்கும் என்று அறிவித்தார். மொரீஷியஸ்காரருக்குக் கொடுத்ததில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. கரும்பு வெட்டப் போன தாத்தாவுக்கு ஏழு தலைமுறை வரை கணக்கு உண்டு, கொழுந்து பறிக்கப் போன பாட்டிக்கு மூன்றாவது தலைமுறையே சட்டவிரோதம் என்பதுதான் புரியவில்லை.

சரி, மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? அதே யாழ்ப்பாணம், அதே யுத்தம், வேறு திசையில் போனவர்களைப் பார்த்தால் போதும். கேரி ஆனந்தசங்கரி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், சின்ன வயதில் கனடா போனவர். 2025 மே மாதம் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். எல்லையும் குடிவரவுச் சோதனையும் அந்தத் துறையின் கீழ்தான் வருகிறது! கம்ஸி குணரத்தினம் மூன்று வயதில் நார்வே போனவர். 2015ல் ஆஸ்லோவின் துணை மேயர், 2021ல் அந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர். இவர்கள் நம் முகாம் பிள்ளைகளைவிடப் புத்திசாலிகளா? தெரியாது, இருக்கலாம். ஆனால் அங்கே ஒரு படிக்கட்டு இருந்தது. அகதி, பிறகு நிரந்தரவாசி, பிறகு குடிமகன். கனடாவில் நிரந்தரவாசி ஐந்து வருஷத்தில் 1,095 நாள் உள்ளே இருந்தால் குடியுரிமை கேட்கலாம். ஜெர்மனி 2024ல் எட்டு வருஷத்தை ஐந்தாகக் குறைத்தது. இங்கே வாழ்ந்த நாளுக்கு ஒரு விலை உண்டு என்பதுதான் அந்தக் கணக்கின் பொருள்.

வளைகுடா வேறு மாதிரி. நம்ம பக்கத்து அண்ணன்மார்கள் நிறையப் பேர் அங்கே இருபது முப்பது வருஷம் உழைத்துவிட்டு, வேலை விசா முடிந்ததும் ஒரு பெட்டியோடு திரும்பி வருகிறார்கள். துபாயில் 20 லட்சம் திர்ஹாமுக்குச் சொத்து வாங்கினால் பத்து வருஷ கோல்டன் விசா. அந்தச் சொத்தைக் கட்டிய கொத்தனாருக்கு இரண்டு வருஷ பர்மிட். நாம் நம்மை எந்தப் பக்கத்தோடு சேர்த்துப் பார்க்க விரும்புகிறோம்? அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்று உச்சவரம்பு இருப்பதால் இந்தியர்கள் வருஷக்கணக்கில் வரிசையில் நிற்பது அநியாயம் என்று நாம் கொதிக்கிறோம். 2025 செப்டம்பரில் எச்1பி-க்கு ஒரு லட்சம் டாலர் என்றதும் எத்தனை வீட்டில் தூக்கம் போனது! 'அங்கேயே படித்து, அங்கேயே வரி கட்டி, அங்கேயே பிள்ளை பெற்றவர்களை எப்படி வெளியாள் என்பது?' என்று கேட்டோம். நியாயமான கேள்வி. அதையே அடிஅண்ணாமலையில் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

எதிர்த்துச் சொல்வதற்கும் காரணங்கள் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. முதலாவது 1991. ஸ்ரீபெரும்புதூர் நம்மிடமிருந்து எவ்வளவோ தூரத்தில் இல்லை. அந்தப் பயம் பொய்யான பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு பிறந்த ஒரு குழந்தை என்ன செய்தது? முப்பது வருஷத்துக்கு மேல் மாதாமாதம் தணிக்கையில் நின்று பெயர் கொடுத்தவர்களைப் பற்றித் தெரிந்த அளவுக்கு, இந்த நாட்டில் வேறு யாரைப் பற்றியாவது போலீசுக்குத் தெரியுமா? இரண்டாவது, எல்லோரும் இங்கேயே இருந்துவிட்டால் இலங்கையில் தமிழர் எண்ணிக்கையும் பலமும் குறையும், காணி பறிபோகும் என்பது. இது அங்கிருக்கும் தமிழர்களே சொல்வது, எனக்கு இதற்கு மரியாதை உண்டு. முகாம்களிலும் திரும்பிப் போக விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். போகிறவர்களுக்குத் தடையில்லாமல் வழி செய்ய வேண்டியதுதான். ஆனால் அரசியல் கணக்குக்காக ஒரு கொட்டகையில் நிற்க வைப்பது அவர்களைக் கேட்டுச் செய்ததில்லையே. மூன்றாவது, இவர்களுக்குக் கொடுத்தால் எல்லோரும் வருவார்கள் என்பது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில், உலகமெங்கும் இருந்து வருகிறவர்களை வைத்துக்கொள்ள இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் இல்லை என்ற பொருளில் கேட்டது. 140 கோடி பேர் இருக்கிற நாடு, கவலை புரிகிறது. ஆனால் சத்திரத்தில்கூட மூன்று நாளுக்கு மேல் தங்கினால் ஏன் என்று கேட்பார்கள். முப்பத்தைந்து வருஷம் தங்க வைத்த பிறகு அதற்குச் சத்திரம் என்று பெயரில்லை, குடியிருப்பு என்று பெயர். கணக்கும் புதிதாக வருகிறவர்களைப் பற்றியது இல்லை. ஏற்கெனவே பெயர் எழுதி வைத்திருக்கும் தொண்ணூறு ஆயிரம் பேரைப் பற்றியது.

2025ல் ஒரு சின்னத் திறப்பு வந்தது. பழைய வெளிநாட்டினர் சட்டங்களை எல்லாம் எடுத்துவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆவணம் இல்லாமல் நுழைந்தால் ஐந்து வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் என்கிற கடுமையான சட்டம். ஆனால் கூடவே வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு அந்தத் தண்டனை கிடையாது என்று சொன்னார்கள். இது பெரிய விஷயம்தான், ஜெயில் பயம் போயிற்று. ஆனால் 'உன்னைத் தண்டிக்க மாட்டேன்' என்பதும் 'நீ இங்கே இருக்கலாம்' என்பதும் ஒன்றா? முன்னது மன்னிப்பு. அவர்களுக்குத் தேவை பின்னது.

என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால் (யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்), குடியுரிமைச் சண்டை முடியும் வரை காத்திருக்காமல் முதலில் நீண்ட கால விசாவை எல்லோருக்கும் கொடுக்கலாம். பாகிஸ்தானிலிருந்து வருகிற சிறுபான்மையினருக்கு அப்படி ஒரு விசா பல வருஷமாக இருக்கிறது. அது இருந்தால் வங்கி, தனியார் வேலை, வாடகை வீடு, உயர்படிப்பு எல்லாவற்றிலும் 'உங்க ஸ்டேட்டஸ் என்ன?' என்ற கேள்விக்குக் காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும். அடுத்து, அரசாங்கமே பதிவு செய்து முகாமில் வைத்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற விளக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். மூன்று நாட்டு ஆட்களுக்கு ஒரு வரியில் எடுக்க முடிந்தது, இதற்கும் ஒரு வரிதான் வேண்டும். அது நடந்தால் மலையகக் குடும்பங்களுக்கு 5வது பிரிவு தானாகவே திறந்துகொள்ளும். மற்றவர்களுக்கு 12 வருஷம் வாழ்ந்தவர் கேட்கலாம் என்ற சாதாரண விதியே போதும். புதுச் சலுகை எதுவும் வேண்டாம்.

இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து அந்த நாட்டு பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கலாம். ஆனால் அந்த பாஸ்போர்ட்டில் இந்தியாவுக்குள் வந்த முத்திரை இருக்காது. வெளியே போகத் தனி அனுமதி வாங்க வேண்டும். போனபின் அப்பா அம்மா இருக்கும் முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்றால், ஸ்விஸ் பாட்டி மாதிரி இவனும் ஒரு டூரிஸ்டாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

என்னோடு கல்லூரியில் படித்த ஒருவன் முகாம்காரன். இன்ஜினியரிங்கில் எங்கள் எல்லோரையும்விட நல்ல மார்க். கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு கம்பெனி எடுத்தது, ஆன்சைட் போக வேண்டியிருக்கும், பாஸ்போர்ட் நகல் அனுப்புங்கள் என்று மெயில் வந்தது. இப்போது ஊரில் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான். போன சீசனில் ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஒரு வீட்டுக்கு அவன்தான் சுண்ணாம்பு அடித்தான். அந்த வீட்டுக்காரர் ஒரு இத்தாலிக்காரருக்கு வாடகைக்கு விடப் போகிறாராம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் சி-ஃபார்ம் ஆன்லைனில் ஏற்ற வேண்டும், வீட்டுக்காரருக்கு கம்ப்யூட்டர் வராது. இவன்தான் உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்தான். பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், விசா எண், விசா முடியும் தேதி.